செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும்

புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதிப் பழகியவன் நான். முதியோர் இல்லம் ஒன்றுக்கு மதிப்புரை சொல்ல வேண்டிய நாளும் வரும் என்று நினைத்ததில்லை. காட்டூர் நண்பர் ஒருவரால் அது வந்து சேர்ந்தது.

காட்டூர், பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரியின் தென்புறத்து ஊர். நண்பர் அந்த ஊரின் மீனவக் குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவர். பொன்னேரியில் பள்ளி ஆசிரியர். அவருடைய தாயாருக்கு எழுபத்து நான்கு வயது. சென்ற ஆண்டு பக்கவாதம் கண்டு வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறிற்று. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. நண்பரும் அவர் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் வீடு திரும்புவார்கள். அம்மாவின் தங்கை, நண்பருக்குச் சின்னம்மா, மீஞ்சூர்ச் சந்தையில் மீன் விற்று முடித்துவிட்டு நடுப்பகலில் வந்து பார்த்துக்கொள்வாள். எட்டு மாதம் இப்படிச் சமாளித்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை.

"நீங்கள் மனிதர்களைப் பார்த்து எழுதுகிறவர். கூட வந்து பார்த்து ஓர் அபிப்பிராயம் சொல்லுங்கள்" என்றார் நண்பர்.

எனக்கு அந்த யோக்கியதை கிடையாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. மேல்நாட்டில் 'நர்சிங் ஹோம்' என்றால் முதியவர்களும் படுக்கையில் விழுந்தவர்களும் தங்கிப் பணிவிடை பெறும் இடம். நம் ஊரில் அந்தப் பலகை சின்ன ஆஸ்பத்திரியின் மேல் தொங்குகிறது. ஆஸ்பத்திரிகளுக்கு 1997-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. முதியோருக்கு, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான மத்தியச் சட்டம் 2007-ல் வந்தது. பக்கவாதக்காரருக்கு இரண்டும் வேண்டும்: தங்க இடமும் வேண்டும், மருத்துவப் பணிவிடையும் வேண்டும். ஆகையால், எந்தச் சட்டப்படி, எந்த இலாகாவில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டு, அந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் முதல் வேலை. இது அட்டையைப் பார்ப்பது மாதிரி. அட்டை இல்லாத புத்தகத்தை வாங்கக் கூடாது. அட்டைக்காக மட்டும் வாங்கவும் கூடாது.

நாங்கள் முதலில் போன இல்லம் சென்னைப் பக்கம் இருந்தது. பெயர் வேண்டாம். வாசலில் செயற்கை நீரூற்று, அலுவலகத்தில் குளிர்சாதனம். வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட பிரசுரத்தைக் கையில் கொடுத்தார்கள். அதில் 'அன்பு' என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று நான் எண்ணவில்லை. மானேஜர் இனிமையாகப் பேசினார். பதிவுக் காகிதத்தையும் எடுத்துக் காட்டினார். கைப்பேசியில் அந்த இல்லத்துக்கு நாலரை நட்சத்திரம் இருந்தது. எனக்குத் திருப்தியாகிவிட்டது. நண்பருக்கும் முகம் தெளிந்தது.

சின்னம்மா அலுவலகத்தில் உட்காரவில்லை. நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே போய்விட்டாள். பத்து நிமிஷம் கழித்து வந்து, வெளியே போகலாம் என்று கண்ணைக் காட்டினாள். வெளியே வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"இன்னா தம்பி, மீனு வாங்கறதுன்னா செவுளைத் தூக்கிப் பாக்காம வாங்குவியா?"

அவள் கண்டது இது. கட்டிலில் இருந்த ஒரு கிழவியிடம் "அக்கா, காலைப் பாக்கட்டுமா?" என்று கேட்டுப் போர்வையை விலக்கியிருக்கிறாள். குதிகால் சிவந்து கிடந்தது. மீனை அமுக்கிப் பார்க்கிற வழக்கத்தில் விரலால் மெள்ள அமுக்கியிருக்கிறாள். சிவப்பு மாறவில்லை. அந்தக் கிழவிக்கு இடது கை வராது. தண்ணீர்த் தம்ளரோ இடது பக்கம் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த மருந்துச் சீட்டைச் சின்னம்மாவால் படிக்க முடியாது. கோடுகளை மட்டும் எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். அப்போது பகல் மூன்று மணி. இரவு ஒன்பது மணி மாத்திரைக்கு 'கொடுத்தாயிற்று' என்று அடையாளம் போட்டிருந்தது.

நாற்பது வருஷம் மீன் விற்றவளின் விரலுக்கு மருத்துவ சாஸ்திரம் துணை நிற்கிறது என்பதைப் பின்னால் ஒரு நர்ஸ் எனக்கு விளக்கினார். நல்ல தோலில் சிவந்த இடத்தை அமுக்கினால் வெளுத்து, பிறகு பழைய நிறம் திரும்ப வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நம்மைப் போன்ற கறுத்த தோலில் நிறம் ஏமாற்றும். அங்கே சூட்டையும் தடிப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பக்கம் ஆகியவைதான் முதலில் புண்ணாகும் இடங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்க வைப்பது வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-லேயே, படுக்கைப் புண்ணுக்குப் பெரும்பாலும் நோயைக் குற்றம் சொல்லக் கூடாது, பணிவிடையைத்தான் சொல்ல வேண்டும் என்ற கருத்தை எழுதிவிட்டார்.

இனி, நான் ஒளித்துவைத்த காரணத்தைச் சொல்லலாம். பல வருஷங்களுக்கு முன் என் அத்தையை ஓர் இல்லத்தில் சேர்த்தவன் நான். என்னை வளர்த்தவள் அவள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்குமேல் பன்னிரண்டுக்குள், அவர்கள் குறித்த நேரத்தில் போவேன். அத்தைக்குப் புதுப்புடவை கட்டி, தலைவாரி, கழுத்துவரை வெள்ளைப் போர்வை போர்த்தி வைத்திருப்பார்கள். நான் பழம் கொடுத்துவிட்டு, அரைமணி பேசிவிட்டு, நிம்மதியாகத் திரும்புவேன். அந்தப் போர்வையை ஒரு நாளும் நான் விலக்கவில்லை. கடைசியில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது டாக்டர் விலக்கினார். முதுகில் என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அத்தை பிழைக்கவில்லை. மனித மனத்தின் ஆழத்தைக் காட்டுகிறவன் என்று என் கதைகளைப் பாராட்டியவர்கள் உண்டு. ஒரு போர்வையின் ஆழத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

இந்தக் குற்றம் அந்த இல்லத்துடையது மட்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. குறித்த நேரத்தில் போகிறவன் பார்ப்பது நாடகம். திரைக்குப் பின்னால் போகிறவனுக்குத்தான் வீடு தெரியும்.

நட்சத்திரங்களும் இப்படித்தான். அமெரிக்காவில் 2008 முதல் சர்க்காரே நர்சிங் ஹோம்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை நட்சத்திரம் கொடுத்துவருகிறது. அதிகாரிகளின் சோதனை, பணியாட்களின் எண்ணிக்கை, அங்கே இருப்பவர்களின் உடல்நிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆரம்பத்தில் பணியாட்களின் எண்ணிக்கையை இல்லங்களே எழுதிக் கொடுத்தன. பதிப்பாளரே தம் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிக்கொள்வதுபோல. பிறகுதான் சம்பளப் பட்டியலைக் கொண்டு சரிபார்க்கும் வழக்கம் வந்தது. நம் நாட்டில் அந்த அளவுகூட வரவில்லை. 2007 சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும்படி, மாநில அரசுகள் இல்லம் அமைக்கலாம் என்கிறது. முதியோர் இல்லங்கள் எல்லாம் பதிவு செய்துகொண்டு குறைந்தபட்சத் தரத்தைக் காக்க வேண்டும் என்று 2019-ல் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. அது சட்டமாகாமலே 2024-ல் அந்த மக்களவையின் ஆயுள் முடிந்தது. ஆகவே செவுளைப் பார்க்கும் பொறுப்பு இப்போதைக்கு வாங்குகிறவன் தலையில்தான்.

முதல் இல்லத்தை விட்டு வந்த அன்று மாலை, சின்னம்மா இன்னொரு கேள்வி கேட்டாள். "அக்காவைக் கேட்டியாடா நீ?" என்றாள் நண்பரை. நாங்கள் கேட்கவில்லை. புத்தி தெளிவாக இருக்கிறவளைப் பற்றி மூன்று பேர் பேசி முடிவுகட்டிக்கொண்டிருந்தோம். நண்பர் போய் அம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழறிய வாயால் இரண்டே சொல் கேட்டாள்:

"ராத்திரி யாரு?"

நான் படித்த பிரசுரம் முழுவதிலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பகலில் எல்லா இல்லமும் நல்ல இல்லம். இரவில் முப்பது கட்டிலுக்கு எத்தனை பேர்? அவர்கள் விழித்திருப்பார்களா? ஒருத்தி கூப்பிட்டால் எத்தனை நிமிஷத்தில் வருவார்கள்? கதவு பூட்டியிருந்தால் சாவி யார் இடுப்பில்? 2001 ஆகஸ்டு 6-ம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். முதியோர் இல்லத்தில் சங்கிலி இல்லாமல் இருக்கலாம். எழுந்து நடக்க முடியாதவனுக்குப் பூட்டிய கதவே சங்கிலிதான்.

காற்றும் மழையும் வேறு இருக்கின்றன. ஏரிக்கரை மக்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. 2004 சுனாமி, 2015 வெள்ளம், 2016 வார்தா புயல், 2023 மிக்ஜாம் புயல் என்று எல்லாமே டிசம்பர் மாதத்துக் கணக்கு. 2017-ல் அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில், சூறாவளியால் ஒரு நர்சிங் ஹோமின் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் நின்றது. உள்ளே வெப்பம் ஏறியது. மூன்று நாள் அப்படியே இருந்து 12 முதியவர்கள் மாண்டார்கள். கூப்பிடு தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டால் போதாது; எதற்கெல்லாம் அது ஓடும், எத்தனை மணிக்கு டீசல் கையிருப்பு, வெள்ளம் வந்தால் தரைத்தளத்துக் கட்டில்களை எங்கே ஏற்றுவீர்கள் என்று கேட்க வேண்டும். பதில் சொல்கிறவர் யோசித்துச் சொன்னால் நம்பலாம். உடனே 'எல்லாம் ஏற்பாடு இருக்கிறது' என்றால் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது இல்லம் பொன்னேரிக்குப் பக்கம். ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மாள் ஒருவர் நடத்துகிறார். சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது. பதினெட்டுக் கட்டில். சொல்லாமல் இரவு ஏழரை மணிக்குப் போனோம். கதவைத் திறந்தார்கள். பினாயில் நாற்றம் மூக்கைத் துளைக்கவில்லை. சாப்பாட்டு மணம் இருந்தது. ஒன்பது மணி மருந்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அதைக் கண்டு எனக்கு வந்த சந்தோஷத்தை வாசகர் புரிந்துகொள்வார். மாதாமாதம் எடை பார்த்து எழுதியிருந்தார்கள். "டாக்டர் வாரம் ஒரு தடவைதான் வருவார். ராத்திரி அவசரம் என்றால் 108-ஐக் கூப்பிட்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு நாங்களே கொண்டு போவோம். அதற்குமேல் எங்களால் ஆகாது" என்றார் அந்த அம்மாள். ஆகாததைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். குறையும் இருந்தது. பின்கதவை மறித்து அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். சொன்னோம். மறுநாள் போனபோது எடுத்திருந்தார்கள். ராத்திரிக்கு இரண்டு பேர். இருவரையும் பார்த்துப் பேசினோம். நண்பர் வீட்டுக்குத் திரும்பி அம்மாவிடம் அந்த இருவருடைய ஊரையும் வயதையும் சொன்னார். அவள் தலையை அசைத்தாள்.

இதோடு மதிப்புரை முடிந்தது என்றுதான் நான் எண்ணினேன். சின்னம்மா அப்படி எண்ணவில்லை. காலையில் நல்ல மீன் மாலையில் கெட்டுப்போகும் என்பது அவளுக்குத் தெரியும். பழவேற்காடு ஏரி மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் நல்ல இடம் சிலவே. ஆகையால் இன்றைக்கு இன்னார் இங்கே வலை போடலாம், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதே மாதிரி அம்மாவைப் பார்க்கவும் பாடு வைத்துவிட்டாள். மகன், மருமகள், சின்னம்மா, அவள் மகள், பக்கத்து வீட்டார் என்று ஏழு பேர். யாருக்கு எந்தக் கிழமை என்பது இல்லத்துக்குத் தெரியாது. போகிறவர்கள் குதிகாலைப் பார்க்க வேண்டும், தம்ளரைப் பார்க்க வேண்டும், அம்மாவை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தப்பு கண்டால் முதலில் அந்த நர்ஸ் அம்மாளிடம் சொல்வது. கேட்காவிட்டால் முதியோருக்கான 14567 எண்ணைக் கூப்பிடுவது. எட்டாவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது.

மூன்றாவது வாரம் சின்னம்மாவின் முறை. போனபோது தண்ணீர்த் தம்ளர் வலது பக்கம் இருந்திருக்கிறது. சண்டை போடவில்லை. எடுத்து இடது பக்கம் வைத்தாள்; ஆயாவைக் கூப்பிட்டு, "இந்தக் கையிலதாம்மா அவங்க எடுப்பாங்க" என்றாள்.

நாலு நாள் கழித்து என் முறை வந்தது. தம்ளர் இடது பக்கம் இருந்தது. நான் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்தேன்.