விடாது கருப்பு

இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, கவிதாலயா தயாரித்து, 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சி வாரந்தோறும் ஒளிபரப்பிய ‘மர்மதேசம்’ வரிசையில், என் அபிமானம் முழுவதையும் கவர்ந்தது நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ என்ற தொடரே. பாவம் செய்தவரைக் கருப்பசாமியே குதிரையேறி வந்து தண்டிக்கிறார் என்று நம்பி நடுங்கும் ஒரு கிராமத்துக்குள், காவல்துறையின் அதிகாரம் எதுவுமின்றி, மனோதத்துவம் பயின்ற ஒரு பெண் பிரவேசித்து, மனிதர் செய்ய அசாத்தியமென்று தோன்றிய கொலைகளின் மூலத்தை மனித மனத்தின் அந்தரங்கத்திலேயே தேடுகிறாள். அதுவே இக்கதையின் அபூர்வ அழகு.

ஜவ்வாது மலைவாசிகளான எங்களுக்கு, புலப்படாத காரணத்தைத் தேடும் இவ்வகைத் துப்பறிதல் அந்நியமன்று. எங்கள் மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில், 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸின் வட்டு எட்டுமுன்பே ஒரு நட்சத்திரம் சில விநாடிகள் மங்கிற்று. அதை மறைத்தது கண்ணுக்குப் புலப்படாத வளையம் என்பது பின்னரே நிச்சயமாயிற்று.

காரணம் விளங்கியதும் பல மர்மக் கதைகளில் சுவாரசியம் அஸ்தமித்துவிடும். இத்தொடரிலோ, கொலையாளியை அறிந்த பின்னரே அவன்மீது நமக்குக் கருணை பிறக்கிறது. மறுமுறை பார்க்கையில், முன்பு பீதியூட்டிய குளம்பொலியே பெருந்துயரமாய்க் கேட்கிறது.