அப்பா கொடுத்த எக்ஸ்

ஹைதராபாத் சி.சி.எம்.பி. குழு 2006-ல் 'ஹ்யூமன் ஜெனெடிக்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையை இந்த வாரம் மறுபடி படித்தேன். 40 வயதுக்குள் சினைப்பை வேலையை நிறுத்திவிட்ட இந்தியப் பெண்களிடம் பிஎம்பி15 மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று தேடிய ஆய்வு. இதே குழு 2005-ல் ஜிடிஎஃப்9 மரபணுவிலும் தேடியிருந்தது. நம்ம ஊர்ப் பெண்களை வைத்து நடந்த வேலை என்பதாலேயே எனக்கு இதன்மேல் ஒரு மரியாதை.

பிஎம்பி15 கதை ஆட்டில்தான் தொடங்குகிறது. நியூசிலாந்தின் இன்வர்டேல் ஆடுகளில் இந்த மரபணுவின் ஒரு பிரதி கெட்டிருந்தால் இரட்டைக் குட்டி போடும். இரண்டும் கெட்டிருந்தால் சினையே பிடிக்காது. 2004-ல் இத்தாலியில் ஓர் அக்கா தங்கைக்கு இதே மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. அது வந்தது அப்பாவிடமிருந்து. பிஎம்பி15 எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவுக்கு இருப்பது ஒரே ஒரு எக்ஸ், அதை அப்படியே எல்லா மகள்களுக்கும் கொடுத்துவிடுகிறார். அவருக்குச் சினைப்பை கிடையாது, அதனால் அவரிடம் எதுவும் வெளியே தெரியாது.

இதை ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, மீஞ்சூர்ப் பக்கம் நான் கேட்கிற விளக்கம் இரண்டுதான். ஒன்று, "அவங்க அம்மா வழியில வந்திருக்கும்." இன்னொன்று, "எல்லாம் அத்திப்பட்டு சாம்பல்." கொசஸ்தலையாற்றில் சாம்பல் கலந்தது பற்றிய கோபம் நியாயமானது. ஆனால் சோதனை செய்யாமலே ஒரு பெண்ணின் சினைப்பைக்கு அதைக் காரணமாக்கினால், தேடவேண்டியதைத் தேடாமல் விட்டுவிடுவோம்.

கட்டுரையின் பலவீனத்தையும் சொல்லவேண்டும். தலைப்பே 'தொடர்பு' என்றுதான் சொல்கிறது, காரணம் என்றல்ல. பிற்பாடு வேறு ஆய்வுகளில் சில பிஎம்பி15 மாற்றங்கள் ஆரோக்கியமான பெண்களிடமும் கிடைத்தன. மரபணுவை ஒவ்வொன்றாக எடுத்துத் தேடும் முறையின் சிக்கல் இது. பூட்டிய வீட்டுக்குச் சாவி தேடுகிறவர் ஒரே சட்டைப்பையைத் துழாவுவது போல. கண்ணெதிரே இருக்கும் பெரிய விஷயங்களை முதலில் பார்க்கவேண்டாமா?

முதலில் குரோமோசோம் சோதனை, அதாவது கேரியோடைப். ஒரு எக்ஸ் முழுசாகவோ, உடம்பின் சில செல்களில் மட்டுமோ இல்லாமல் போவது டர்னர் நிலை. சில செல்களில் மட்டும் என்றால் மாதவிடாய் ஒழுங்காகத் தொடங்கி, சில வருஷம் கழித்து நிற்கலாம். அடுத்தது எஃப்எம்ஆர்1. அதில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து 55 முதல் 200 முறை வரை திரும்ப வந்தால் முன்மாற்றம் என்பார்கள். அதைச் சுமக்கும் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு சினைப்பை சீக்கிரம் ஓய்கிறது. அதே மாற்றம் அடுத்த தலைமுறையில் நீண்டால் பையனுக்கு ஃப்ராஜைல் எக்ஸ், அறிவு வளர்ச்சிக் குறைபாடு. சுமக்கும் ஆண்கள் சிலருக்கு 50 தாண்டிய பின் கை நடுக்கமும் நடையில் தடுமாற்றமும் வரும். தாத்தாவின் நடுக்கமும் பேத்தியின் நின்றுபோன மாதவிடாயும் ஒரே கணக்காக இருக்கலாம். ஆனால் கேஸ் ஷீட்டில் தாத்தாவைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

ஐரோப்பிய எஷ்ரே வழிகாட்டி 2016-லேயே இந்த இரண்டு சோதனைகளையும் பரிந்துரைத்தது. எனக்குத் தெரிந்த 31 வயதுப் பெண்ணுக்கு இரண்டுமே எழுதிக் கொடுக்கப்படவில்லை. "கரு முட்டை தானம் வாங்கிக்கோங்க" என்பதோடு முடிந்தது. அவருக்கு ஒரு தங்கை இருக்கிறாள், வயது 24. முன்மாற்றம் இருக்கிறதா என்று இப்போதே தெரிந்தால் முட்டையை உறைய வைப்பதைப் பற்றியாவது அவள் யோசிக்கலாம்.

ஹார்மோன் மாத்திரையையும் அக்கா பயந்து நிறுத்திவிட்டார். 50 வயதில் எடுப்பவர்களுக்குச் சொன்ன எச்சரிக்கையை யாரோ இவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். இவருக்கு அது இல்லாமல் போனதை ஈடுகட்டுவது, எலும்புக்கும் இதயத்துக்கும். வழக்கமாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை எடுக்கவேண்டியது. மறுபடி டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், தங்கையையும் கூட்டிக்கொண்டு.