தில்லிக் கண்ணாடியில் திருச்செங்கோடு

தில்லியிலும் இலண்டனிலும் அமர்ந்து தமிழகத்தைப் பற்றி எழுதும் அறிஞர் பெருமக்களுக்கு ஒரு வாய்பாடு உண்டு. பழமை என்பது ஒரே மரம். வேர் தில்லியில், கிளைகள் மாகாணங்களில். தில்லியிலே நீர் ஊற்றினால் இங்கே இலை தளிர்க்கும். அங்கே வெட்டினால் இங்கே வாடும். எளிய வாய்பாடு, மனப்பாடம் செய்ய ஏற்ற வாய்பாடு! ஆனால், சேலம் நாமக்கல் சமவெளியிலே நின்று பார்க்கும் நமக்கு, அந்த வாய்பாட்டை வைத்துப் போட்ட கணக்கு ஒன்றுகூட நேராக வருவதில்லை.

'மாதொருபாகன்' நூலுக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்வோம். பெருமாள்முருகனின் அந்த நாவல் வெளிவந்தது 2010இல். ஆங்கிலத்தில் வந்தது 2013இல். அதுவரை திருச்செங்கோட்டில் யாருக்கும் மானம் போகவில்லை, உறக்கம் கெடவில்லை. 2014 டிசம்பரில் திடீரென நூற்படிகள் கொளுத்தப்பட்டன. 2015 ஜனவரியில் ஊர் கடையடைத்தது. ஜனவரி 12ஆம் நாள் நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சு' என்ற பெயரால் ஓர் எழுத்தாளர் மண்டியிட வைக்கப்பட்டார். தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் உலகுக்கு அறிவித்தார்.

வெளியூர் ஏடுகள் எழுதியது என்ன? 2014 மே மாதம் தில்லியில் ஆட்சி மாறியது. டிசம்பரில் திருச்செங்கோட்டில் தீ எரிந்தது. ஆகவே அங்கே மூட்டியது இங்கே எரிந்தது என்றன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! முதலில் கூச்சலிட்டவர்களிடையே இந்து அமைப்பினர் இருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை, மறைக்கவும் மாட்டோம். ஆயினும் ஒன்று கேட்போம். ஆழ்துளைக் கிணற்று வண்டிகளுக்கும், விசைத்தறிக்கும், லாரித் தொழிலுக்கும் பெயர்பெற்ற அந்த ஊர், யார் சொல்லிக் கதவடைத்தது? இந்தச் சமவெளியிலே தனித்து நின்று ஒரு தொகுதியை வெல்ல இயலாத கட்சியின் சொல்லுக்கா ஒரு நகரமே பூட்டுப் போட்டது? அந்த வலிமை அக்கட்சிக்கு அன்று இல்லை. வலிமை உடையது சாதி. பூட்டியது சாதி.

நாவலையே படித்தாலும் இது விளங்கும். எரித்தவர்கள் படித்தார்களா என்பது வேறு கேள்வி. குழந்தை இல்லாத காளியும் பொன்னாவும் அதில் வருகின்றனர். ஆண்டுகள் பல கடந்தும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பு குறையாத இணையர். அவர்களை வதைப்பவர் யார்? எந்த அரசும் அன்று; எந்த மடாதிபதியும் அன்று. மாமியார், மைத்துனன், பக்கத்துக் காட்டுக்காரர், நிலத்துக்கு வாரிசு இல்லையே என்று நாக்கைச் சப்புக்கொட்டும் உறவு முறையார். மலைக்கோயில் தேர்த்திருவிழாவின் கடைசி நாள் இரவில், பிள்ளையில்லாப் பெண் முன்பின் அறியாத ஆடவனைக் கடவுளாக எண்ணிக் கூடலாம் என்றொரு வழக்கம் இருந்ததாக நாவல் சொல்கிறது. கூச்சலின் உட்பொருளும் அங்கேதான். 'கடவுளை இழித்துவிட்டான்' என்ற ஓசையைவிட, 'நம் சமூகத்துப் பெண்ணை இழித்துவிட்டான்' என்ற ஓசையே ஓங்கிக் கேட்டது. முகமறியா ஆடவன் என்றால் எந்தச் சாதி ஆடவன்? சாதித் தூய்மை என்னும் கட்டுக்கதையின் அடிமடியிலேயே கை வைத்தது அந்த நூல். தெய்வத்தின் பெயர் மேல்துண்டு. உள்ளே உடுத்தியிருந்தது சாதி.

அன்று இங்கே ஆண்டது எந்தக் கட்சி? 2014 தேர்தலில் தில்லிக் கட்சியை எதிர்த்து நின்று, 39 இடங்களில் 37 இடங்களை வென்ற கட்சி. அண்ணாவின் பெயரைத் தன் பெயரிலேயே சூடிய கட்சி! அதன் அதிகாரிகள்தாம் எழுத்தாளரை அழைத்து, எதிரே கூட்டத்தை உட்கார வைத்து, கையெழுத்து வாங்கினர். தில்லியிலிருந்து ஆணை வரவில்லை; வரவேண்டிய தேவையும் இல்லை. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், அந்த 'உடன்பாடு' எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது.

இந்தப் பிழையான கண்ணாடி புதிதன்று. 1959இல் இராசகோபாலாச்சாரியார் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். நாகபுரிக் காங்கிரசின் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தை எதிர்த்துப் பிறந்த கட்சி. ஒரிசாவில் பழைய சமஸ்தானாதிபதிகள், இராசஸ்தானத்தில் செய்ப்பூர் மகாராணி, பீகாரில் ராம்கட் மன்னர், பம்பாயில் மினு மசானி என்று சேர்ந்த அந்தக் கூட்டத்துக்கு, 1967இல் மக்களவையில் 44 இடங்கள் கிடைத்தன. ஹவர்ட் எர்ட்மன் என்ற அமெரிக்க அறிஞர் அதே ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலுக்கு, சுதந்திராக் கட்சியும் இந்தியப் பழமைவாதமும் என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். நூலை முழுதும் படித்தவர்க்கு அக்கட்சி பல சரக்கு மூட்டை என்பது புரியும். தலைப்பை மட்டும் படித்தவர்க்கு 'இந்தியப் பழமைவாதம்' என்ற ஒற்றைப் பொருள் ஒன்று இருப்பதாகத் தோன்றிவிட்டது.

அந்த ஒற்றைப் பொருளைச் சற்று உரித்துப் பார்ப்போமா? கட்சியின் தலைவர்களுள் ஒருவர் கே. எம். முன்ஷி. 1949இல் இந்தியை ஆட்சிமொழியாக்கிய முன்ஷி–அய்யங்கார் உடன்பாட்டில் பெயர் பொறித்தவர். கட்சியின் தந்தையோ இந்தித் திணிப்பை எதிர்த்துக் கழகத்தோடு மேடையேறியவர். அதற்கும் முன்னே, 1938இல், பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவரே! ஒரு கட்சிக்குள் அல்ல, ஒரு மனிதருக்குள்ளேயே தில்லியும் சென்னையும் இடம் மாறி இடம் மாறி அமர்ந்தன. 1967இல் கழகத்தோடு கூட்டு. சட்டமன்றத்தில் 20 இடங்கள். 1971இல் காமராசரோடு சேர்ந்து கழகத்துக்கு எதிரே. வெளியார் திகைத்தனர். கழகம் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது என்றார் ஒருவர். ஆச்சாரியார் முற்போக்கராகிவிட்டார் என்றார் மற்றொருவர். இரண்டும் அன்று. காங்கிரசை வீழ்த்த இருவருக்கும் ஒருவர் மற்றவரின் தோள் தேவைப்பட்டது. அவ்வளவே. 1953இல் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று திட்டம் தீட்டியவர், அந்தத் திட்டத்துக்காக வருந்தி வந்து கைகோக்கவில்லை. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை நாள்தோறும் வாசிக்கிற ஆசிரியர் கூட்டத்தைச் சேர்ந்த நாம், அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் பட்டியலிலிருந்து எந்தப் பெயர்கள் முதலில் அடிபட்டிருக்கும் என்பதை அறிவோம்.

ஆச்சாரியார் வழக்கறிஞர் தொழில் நடத்தியதும், 1917 முதல் நகரசபைத் தலைவராக இருந்ததும் சேலத்தில். அதே மாவட்டத்தில் குமாரமங்கலம் சமீன்தார் சுப்பராயனும் இருந்தார். 1937 அமைச்சரவையில் கல்வி அமைச்சர் அவரே. 1956இல் ஆட்சிமொழிக் குழுவின் பெரும்பான்மைக் கருத்தை ஏற்காமல் மாற்றுக் குறிப்பு எழுதியவர்களில் ஒருவரும் அவரே. அவருடைய மகன் மோகனும் மகள் பார்வதியும் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தனர். குடும்பத்தைப் பார்த்து அரசியலை ஊகிப்பவர் இந்த ஒரு வீட்டைச் சுற்றிவந்தாலே களைத்துப் போவார்.

நிகழ்காலத்துக்கு வருவோம். கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, கொங்கு வேளாளர் சமூகத்தில் வேர்கொண்ட கட்சி. 2014இல் அது பாரதீய ஜனதாவின் கூட்டணியில் இருந்தது. 2019இலும் 2024இலும் நாமக்கல் மக்களவைத் தொகுதியையும், 2021இல் திருச்செங்கோடு சட்டமன்றத் தொகுதியையும் அது வென்றது எந்தச் சின்னத்தில்? உதயசூரியனில்! நூல் எரிப்பை அக்கட்சியின் தலையில் நாம் ஏற்றவில்லை. நாம் சுட்டுவது வேறு. வட்டாரச் சாதி வலிமை தில்லிக் கட்சிக்குக் கிளையாகவும் இல்லை, பகையாகவும் இல்லை. தன் வீட்டில் தான் குடியிருந்துகொண்டு வாசல் கதவை மட்டும் மாற்றிக்கொள்கிறது. எடப்பாடியாரின் ஆட்சி 2020இல் மும்மொழித் திட்டத்தை ஏற்க மறுத்தது. அதே ஆட்சிதான் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காக, நிலம் தரமாட்டோம் என்று கதறிய உழவர்மீது காவல்துறையை ஏவியது. இதனைத் தில்லிக்குப் பணிவு என்பதா, எதிர்ப்பு என்பதா? வாய்பாட்டைக் கேளுங்கள், விடை சொல்லாது.

வெளியார் பிழையாகப் படித்தால் நமக்கென்ன என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கண்ணாடியை நம் இளைஞரும் இரவல் வாங்கி அணிகின்றனரே, அதனால்தான் கேடு! தில்லியை எதிர்த்து முழங்கிவிட்டால் பழமையை எதிர்த்தாயிற்று என்ற நிறைவு அவர்களுக்கு எளிதில் வந்துவிடுகிறது. இந்திக்கு எதிராக முழக்கமிட்ட கையால், தன் சாதிச் சங்கத்தின் திருமண மண்டபத்துக்கு நன்கொடைச் சீட்டு எழுதுகிறான் ஒருவன். இரண்டுக்கும் முரண் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாதபடி அந்தக் கண்ணாடி பார்த்துக்கொள்கிறது. 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானபோது, சர், ராவ்பகதூர் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பட்டம் கொடுத்தவன் வெள்ளையன். ஆனால் வீச வேண்டியவர்கள் நம்மவர்கள். மாற்றானைச் சாடும் தீர்மானம் அன்று அது. தம்மவர் சட்டைப்பையில் கைவிட்ட தீர்மானம்.

நூலுக்குத் தீ வைத்த ஆறு மாதத்துக்குள், 2015 ஜூனில், அதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் வேறு சாதிப் பெண்ணொருத்தியோடு பேசிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் கடத்தப்பட்டார். பொறியியல் படித்தவர், ஓமலூர்ப் பக்கத்து ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. மறுநாள் அவருடைய உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. 2022இல் மதுரை நீதிமன்றம், உள்ளூர்ச் சாதி அமைப்பொன்றின் தலைவனுக்கும் உடனிருந்தோர்க்கும் தண்டனை விதித்தது. 2023இல் அவன்மீதான தண்டனையை உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. மலையேறிய அந்தக் கும்பல், தில்லியில் எவரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு ஏறவில்லை.