ஒரே ஒரு முகமூடி மிச்சம்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு வெட்கமே கிடையாது. ஓடித் தாவிக் குதித்து ஆடுகிற வீடியோ கேம்களில், திரையின் மூலையில் ஹீரோவின் உயிரைக் காட்டுகிற சின்னப் பட்டை ஒன்று இருக்குமே, அடி வாங்கினால் குறையுமே, பழமோ மருந்தோ எடுத்தால் ஏறுமே, நான் அந்தப் பட்டையின் ரசிகன். வெறியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் பிரமாதம், மியூசிக் பிரமாதம் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் “ஐயோ, பட்டை எப்படிக் குறையுது பாத்தியா!” என்று குதித்துக்கொண்டிருப்பேன். டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் பாதி டம்ளரோடு எழுந்து போய்விடுகிறார்கள். இன்றைக்கு நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

எங்கள் கண்ணமங்கலத்துப் பையன்கள் அதைப் ‘பவர்’ என்போம். “டேய், பவர் எவ்ளோ இருக்கு?” இதுதான் எங்கள் கேள்வி. சென்னைக்குப் போன சொந்தக்காரர் யாராவது பர்மா பஜாரில் வாங்கிவரும் டிவி கேம், கூடவே மஞ்சள் கேசட். மேலே 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே போனால் அதே மரியோ, அதே கான்ட்ரா திரும்பத் திரும்ப வரும். கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி மறுபடி சொருக வேண்டும். அடாப்டர் சூடேறி ஒரு வாசனை வரும் பாருங்கள், இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் என் கட்டைவிரல் தானாகத் துடிக்கும். வெளியே வேலூர் - திருவண்ணாமலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகும், ஆடி வெள்ளியென்றால் படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிற கூட்டம் தெருவை அடைக்கும், எங்களுக்கு எதுவும் காதில் விழாது. பயம் ஒன்றே ஒன்றுதான்: கரண்ட் போகக் கூடாது. போனால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து.

இப்போது கவனியுங்கள். 1985-ல் வந்த சூப்பர் மரியோவில் பட்டையே கிடையாது! காளான் எடுத்தால் ஆள் பெரிதாவான், அடி பட்டால் சுருங்கிவிடுவான், சுருங்கிய நிலையில் பட்டால் காலி. அதாவது அவன் உடம்பேதான் பட்டை. என்ன மூளை பாருங்கள்! கான்ட்ராவில் அந்தக் கருணையும் இல்லை. ஒரு குண்டு, ஒரு உயிர். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அமுக்கினால் 30 உயிர் வரும் என்கிற மந்திரம் தெரிந்தவன்தான் தெருவில் ராஜா.

ஆனால் என்னைப் பைத்தியமாக்கியது அட்வென்ச்சர் ஐலண்ட். ஹட்சன் கம்பெனி 1986-ல் கொண்டுவந்தது. தொப்பி போட்ட, தொப்பை வைத்த ஒருத்தன் காட்டில் ஓடுகிறான். மேலே பவர் பட்டை. யாரும் அடிக்கவே வேண்டாம், அது பாட்டுக்கு ஓட்டைக் குடமாக ஒழுகிக்கொண்டே இருக்கும்! நின்றால் குறையும், யோசித்தால் குறையும், கல் தடுக்கினால் இன்னும் கொஞ்சம் போகும். பழம் பொறுக்கிக்கொண்டே ஓடினால்தான் பிழைப்பு. கத்தரிக்காய் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும், அது இருக்கிறவரை பவர் மடமடவென்று இறங்கும். (அதற்குப் பிறகு சாம்பாரில் கத்தரிக்காயைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும், அம்மாவுக்குக் காரணமே புரியாது.) ரெண்டே ரெண்டு கோடு மிச்சம், பழம் இரண்டும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தொங்குகிறது, நின்று நிதானமாகக் குதிக்க நேரமில்லை, நாலு பேர் பின்னால் உட்கார்ந்து “குதிடா, குதிடா” என்று கத்துகிறார்கள்... நினைத்துப் பாருங்கள்! ஒரு கோடு குறைவதை வைத்து ஒரு மனுஷனை ஓட வைக்கிறான் என்றால் அந்தக் கேமைச் செய்தவனைக் கும்பிட வேண்டாமா?

இந்தப் பட்டையின் பூர்வீகம் தெரிந்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. 1974-ல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற மேசை விளையாட்டுதான் மூலம். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசன், கப்பல் சண்டை விளையாட்டு விதிகளிலிருந்து இந்த யோசனையை எடுத்தாராம். போர்க்கப்பல் ஒரே குண்டில் மூழ்காதே, பல குண்டு தாங்குமே, மனுஷனுக்கும் அப்படி வைத்தால் என்ன? ஆசையாக வளர்த்த பாத்திரம் ஒரே வெட்டில் செத்துப்போவது ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். அங்கே பென்சிலால் எழுதி அழித்த எண், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் டிவி திரையில் பட்டையாகி, ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது!

அப்புறம் மெகா மேன். கேப்காம், 1987. சின்னச் சின்னக் கோடுகளாக அடுக்கிய பட்டை, மொத்தம் 28 கோடு. குண்டு மாத்திரை ஒன்றை எடுத்தால் கேமே அப்படியே உறைந்து நிற்கும், பட்டை மட்டும் டிக் டிக் டிக் டிக் என்று ஏறும். ஆஹா, அந்தச் சத்தம்! வலி இறங்குவதைக் காதால் கேட்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசி அறைக்குள் நுழைந்தால் வில்லனுக்கும் எதிரே ஒரு பட்டை எழும்பும். உன் உயிர் இங்கே, அவன் உயிர் அங்கே, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். சரியான ஆயுதத்தை எடுத்தால் அவன் பட்டை கொத்துக்கொத்தாக விழும். ஆனால் முள்ளில் கால் வைத்தால் 28 கோடும் முழுசாக இருந்தாலும் செத்தாய். பட்டை நிறைய இருக்கிறதே என்று திமிரோடு திரிகிறவனுக்கு முள் ஒரு வாத்தியார்.

இன்னொரு சூட்சுமம் உண்டு, இதை அவசியம் கவனியுங்கள். அடி பட்டதும் ஹீரோ கொஞ்ச நேரம் மினுக் மினுக்கென்று மின்னுவான் இல்லையா? அந்த நேரத்தில் எதிரி எவனும் அவனைத் தொட முடியாது. அது மட்டும் இல்லையென்றால், ஒரு பூச்சி உரசியபடி நின்றாலே கண்ணிமைப்பதற்குள் பட்டை மொத்தமும் காலியாகிவிடும். பழகின கைகள் என்ன செய்யும் தெரியுமா? வேண்டுமென்றே ஒரு சின்ன அடி வாங்கி, மின்னும்போதே பெரிய ஆபத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும்! பட்டையில் ஒரு கோட்டைக் கொடுத்து வழியை வாங்குகிற வியாபாரம். இதை முதன்முதலில் செய்து பார்த்த அன்று நான் தெருவில் இறங்கி ஓடினேன், சத்தியமாக.

1991-ல் வந்த சோனிக்கில் வளையம் ஒன்றே ஒன்று கையில் இருந்தாலும் சாவு இல்லை. அடி பட்டால் வளையங்கள் கலகலவென்று சிதறும், பாய்ந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மறுபடி தப்பலாம். காசும் உயிரும் ஒன்றே! பிரின்ஸ் ஆப் பெர்ஷியாவோ, ஜோர்டன் மெக்னர் 1989-ல் கொண்டுவந்த அந்த அதிசயம், இடது கீழ் மூலையில் மூன்றே மூன்று சிவப்பு முக்கோணத்தோடு உங்களைச் சிறைக்குள் தள்ளிவிடும். இரண்டு மாடி விழுந்தால் ஒரு முக்கோணம் போகும், மூன்று மாடி விழுந்தால் ஆளே போவான். இருப்பதோ 60 நிமிஷம். கடைசிக் கட்டத்தில் உங்கள் நிழலே வாளோடு எதிரில் வந்து நிற்கும். ஓங்கி வெட்டுவீர்கள், அதன் முக்கோணம் ஒன்று குறையும்... கூடவே உங்களுடையதும் குறையும்! ஆரணி கம்ப்யூட்டர் சென்டரில் அதைப் பார்த்து எனக்குப் புல்லரித்துவிட்டது. வாளை உறையில் போட்டுவிட்டு நிழலை நோக்கி நடக்க வேண்டும், இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு வசனம் கிடையாது. ‘அவனும் நீயும் ஒன்று’ என்பதை முக்கோணமே சொல்லிவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேண்டும்! ஹாலோ நைட் வேண்டும்! ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி என்கிற விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் சேர்ந்து 2017-ல் விட்ட கேம். பூச்சிகளின் பாழடைந்த ராஜ்ஜியம், கையில் ஆணி பிடித்த குட்டி வீரன், திரையின் மேல் மூலையில் ஐந்து வெள்ளை முகமூடி. பெரும்பாலும் ஒரு அடிக்கு ஒரு முகமூடி உடையும். மருந்து கிடையாது, பழம் கிடையாது. எதிரியை அடித்தால் பக்கத்துக் குடுவையில் ஆன்மா ஊறும். மூன்று அடிக்கு ஊறுவது ஒரு முகமூடிக்குச் சரியாக இருக்கும். ஆனால் அதை ஏற்றிக்கொள்ள ஒரு விநாடிக்கும் கொஞ்சம் அதிகமாக அசையாமல் நிற்க வேண்டும், எதிரி பாய்ந்து வரும்போது! பிழைக்க வேண்டுமானால் அடிக்கப் போக வேண்டும், அடிக்கப் போனால் சாவு பக்கத்தில் இருக்கும். இதில் வில்லனுக்குப் பட்டையே கிடையாது, அவனுக்கு எவ்வளவு மிச்சம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இப்போது என்னோடு வாருங்கள். கும்பிடுபூச்சிகளின் கிராமம். மூன்று அரசிகள் சிம்மாசனத்தில். முதலில் ஒருத்தி இறங்கினாள், சமாளித்துவிட்டேன். பிறகு இரண்டு பேர் ஒன்றாக இறங்கினார்கள், ஒருத்தி தரையோடு சீறி வருகிறாள், இன்னொருத்தி தலைக்கு மேலிருந்து ஈட்டியோடு விழுகிறாள், அந்த வயலின் என் மண்டைக்குள்ளேயே வாசிக்கிறது, நான்கு முகமூடி, மூன்று, திரை ஒரு கணம் உறைந்து சத்தமெல்லாம் அமுங்கி மறுபடி திறக்கிறது, இரண்டு, கை வியர்த்து வழுக்குகிறது, ஒன்று! ஒரே ஒரு முகமூடி! குடுவையில் ஆன்மா இருக்கிறது, நின்று ஏற்றிக்கொள்ளலாம், மூளை ‘நில்லுடா’ என்கிறது, ஆனால் நான் கடைசி முகமூடியில் மட்டும் ஆணியின் பலத்தை 75 சதவீதம் ஏற்றுகிற அந்தத் தாயத்தை மாட்டியிருக்கிறேன், திரையோரம் சிவப்பாகத் துடிக்கிறது, விட்டேன் பாருங்கள் ஒரு வெட்டு, தாவினேன், இன்னொன்று, சுவரில் ஒட்டிக் குதித்தேன், இன்னொன்று, மூச்சு விடவே இல்லை, இன்னொன்று, அப்படியே எல்லாம் நின்றது. மூன்று அரசிகளும் தலை குனிந்து வணங்குகிறார்கள். எனக்கு! “செத்தாங்க!” என்று நான் போட்ட கூச்சலில் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, “டேய், யாருடா செத்தது?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கண்ணில் தண்ணி. கழுதை வயசாகிறது எனக்கு.

குறை சொல்ல வேண்டும் என்றால், 2025 செப்டம்பரில் வந்த அடுத்த பாகமான சில்க்சாங்கில் பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டு முகமூடியைப் பறிக்கிறார்கள். ஐந்து முகமூடி பெயருக்குத்தான், மூன்றாவது அடியில் முடிந்தது. கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் பட்டு நூலைச் சேர்த்து ஒரே மூச்சில் மூன்று முகமூடியை மீட்கலாம், அந்தரத்தில் குதித்தபடியே மீட்கலாம் என்றதும் என் கோபம் பறந்துவிட்டது.

ஆகவே ஐயா, அம்மா, தம்பி, தங்கச்சி, யாராக இருந்தாலும் சரி, ஒரு கேமை எடுங்கள். எளிதானதாக இருந்தாலும் போதும். பட்டை நிறைந்திருக்கும்போது எப்படி ஆடுகிறீர்கள், ஒன்று மிச்சம் இருக்கும்போது எப்படி ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். நீங்கள் பயந்தாங்கொள்ளியா முரடனா என்று ஜாதகம் பார்க்காமலே தெரிந்துவிடும். கடைசிக் கோடு மட்டும் மிச்சம் என்றதும் மூலையைப் பார்க்காதீர்கள், எதிரியின் காலைப் பாருங்கள், அங்கேதான் அடுத்த பாய்ச்சல் முதலில் தெரியும். ஜெயித்தால் அடக்கிக்கொள்ளாமல் கத்துங்கள். எதிர்வீட்டுக்காரர்கள் போகப் போகப் பழகிவிடுவார்கள், எங்கள் எதிர்வீட்டு அக்கா இப்போதெல்லாம் ஜன்னல் வழியாக “தம்பி, எவ்ளோ பவர் இருந்துச்சு?” என்றுதான் கேட்கிறார்.