சாய்ந்து நின்ற கோடு

பள்ளிப் புத்தகங்களில் சூரியனின் நிறமாலை ஒரு வண்ணப் பட்டையாக வரும். அதன் குறுக்கே சில கறுப்புக் கோடுகள். பக்கத்தில் ‘பிரான்ஹோபர் கோடுகள்’ என்று ஒரு பெயர். சூரியனின் வெளிப்படலத்தில் உள்ள தனிமங்கள் தங்களுக்கு உரிய ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் இவை தோன்றுகின்றன என்று ஒரு வரி விளக்கம். அதோடு பாடம் அடுத்த தலைப்புக்கு நகர்ந்துவிடும். எனக்கு அந்தக் கோடுகள் மேல் தனிப் பிரியம் உண்டு. அவற்றில் சில, இம்மியளவு சாய்ந்திருப்பதை 1909 ஜனவரியில் கொடைக்கானலில் ஒருவர் கண்டார். அந்தச் சாய்வை அவர் படித்த விதத்தை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அலுப்பதில்லை.

அவர் ஜான் எவர்ஷெட். லண்டனில் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரமெல்லாம் சூரியனை ஆராய்ந்தவர். 1898இல் முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க இந்தியா வந்தார். 1907இல் கொடைக்கானல் வானாய்வகத்தில் பணியில் சேர்ந்தார். கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே உள்ள அந்த மலையில் சூரியனுக்கென்றே ஓர் ஆய்வகம் எழுந்ததற்கு 1876-78 பஞ்சமும் ஒரு காரணம். பருவமழை பொய்ப்பதற்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அன்று பலமாக இருந்தது. பட்டினியில் பிறந்த கேள்வி அது. மழையைப் பற்றித் தெளிவான விடை கிடைக்கவில்லை. ஆனால் புள்ளிகளை நாள்தோறும் விடாமல் பார்க்கும் பழக்கம் அந்த மலையில் ஊன்றிவிட்டது.

சூரியப் புள்ளியின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நடுவில் இருண்ட பகுதி, கருநிழல். சுற்றியுள்ள ஒளிக்கோளம் ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸில் இருக்க, இது அதைவிட 1,500 டிகிரிக்கு மேல் குறைவாக இருப்பதால் நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. தனியே எடுத்து வானில் வைத்தால் அதுவும் கண்ணைக் கூசவைக்கும். கருநிழலைச் சுற்றிச் செவ்வந்தி இதழ்கள் போல மெல்லிய இழைகள் வெளிநோக்கிப் பரந்திருக்கும். இது புறநிழல். பெரிய புள்ளி ஒன்றுக்குள் நம் பூமியைப் போலப் பல கோள்களைப் போட்டுவிடலாம்.

இனி எவர்ஷெட்டின் தகட்டுக்கு வருவோம். தொலைநோக்கி காட்டும் சூரிய பிம்பத்தின் மேல் ஒரு குறுகிய பிளவை வைத்து, அதற்குள் நுழையும் ஒளியை மட்டும் நிறமாலையாக விரித்துப் படம்பிடிப்பார்கள். பிளவு ஒரு புள்ளியின் நடுவே சென்றால், அச்சிட்ட படத்தில் நிறமாலையின் நெடுக ஒரு கறுத்த பட்டை ஓடும். அது கருநிழல். அதன் மேலும் கீழும் சாம்பல் நிற ஓரங்கள், புறநிழல். இவை எல்லாவற்றையும் குறுக்கே கடந்து செங்குத்தாக நிற்பவை பிரான்ஹோபர் கோடுகள். புள்ளிக்கு வெளியே கோடு நேராக வருகிறது. ஒரு பக்கத்துப் புறநிழலில் நுழைந்ததும் சற்றே சிவப்புப் பக்கம் ஒதுங்குகிறது. கருநிழலைச் சரிவாகக் கடந்து, மறுபக்கத்துப் புறநிழலில் ஊதாப் பக்கம் ஒதுங்குகிறது. புள்ளியைத் தாண்டியதும் மறுபடி நேராகிவிடுகிறது.

ஒளி தரும் வாயு நம்மை விட்டு விலகினால் கோடு சிவப்புப் பக்கமும், நம்மை நோக்கி வந்தால் ஊதாப் பக்கமும் நகரும். டாப்ளர் விளைவு என்று எல்லோரும் படித்ததுதான். எவ்வளவு நகரும் என்பதில்தான் நயம் இருக்கிறது. வாயு விநாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அது ஒளியின் வேகத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. 6,000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் உள்ள கோடு அப்போது 0.04 ஆங்ஸ்ட்ராம் மட்டும் இடம் மாறும். கோட்டின் சொந்த அகலமே இதைவிட அதிகம். அந்த அளவில் ஒரு நெளிவைத் தகட்டில் பார்த்து, இது தற்செயல் இல்லை என்று நிற்பதற்குக் கண் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும்.

வாயு ஓடுகிறது என்பது சரி, எந்தத் திசையில் ஓடுகிறது? முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் ஹேல் சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டிருந்தார். புள்ளிகளைச் சுற்றி அவர் எடுத்த படங்களில் சுழிகள் தெரிந்தன. ஆகவே புள்ளி என்பது ஒரு சூறாவளி, வாயு அதைச் சுற்றிச் சுழல்கிறது என்று எதிர்பார்ப்பதே அன்று இயல்பு. சாய்ந்த கோடு கிடைத்ததும் ‘சுழற்சி தெரிந்துவிட்டது’ என்று எவரும் எழுதியிருக்கலாம்.

எவர்ஷெட் பிளவைத் திருப்பிப் பார்த்தார். இந்த ஒரு செயலை நான் மிகவும் ரசிக்கிறேன். சூரிய வட்டின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் திசையில் பிளவு இருந்தபோது கோடு சாய்ந்தது. அதற்குச் செங்குத்தாகத் திருப்பியபோது சாய்வு இல்லை. வாயு சுழல்வதாக இருந்தால் நேர்மாறாக நடந்திருக்க வேண்டும். செங்குத்துப் பிளவில்தான் ஒரு முனை நம்மை நோக்கி வந்து, மறு முனை விலகும். புள்ளி வட்டின் நடுவில் இருந்தபோதோ எந்தப் பக்கம் திருப்பினாலும் கோடு அசையவில்லை. நடுவில் இருக்கும் புள்ளியை நாம் நேர் மேலிருந்து பார்க்கிறோம். அங்கே வாயு மேலெழுந்தாலும் கீழிறங்கினாலும் கோடு காட்டிக்கொடுத்திருக்கும். ஆகவே ஓட்டம் சூரியனின் தரையோடு தரையாக, புள்ளியின் நடுவிலிருந்து நாலாபுறமும் வெளியே பாய்கிறது. வேறு வழியில்லை. கோடு சாய்ந்த இடங்களைப் போலவே, அது சாயாமல் நின்ற இடங்களும் சாட்சி சொல்லியிருக்கின்றன.

சூரியன் சுழல்வதால் ஒரு புள்ளி கிழக்கு விளிம்பில் தோன்றி மேற்கு விளிம்பில் மறைய ஏறக்குறைய 13 நாள் ஆகும். கிழக்கே இருக்கும்போது விளிம்புப் பக்கத்துப் புறநிழல் நம்மை விட்டு விலகி ஓடுகிறது, அது சிவப்பு. உட்பக்கம் நம்மை நோக்கி ஓடுகிறது, அது ஊதா. நாள் ஆக ஆகச் சாய்வு குறைந்து, நடுவுக்கு வரும்போது கோடு நிமிர்ந்துவிடும். பிறகு மேற்கே நகர நகர எதிர்ப்பக்கம் சாயத் தொடங்கும். கருவியின் கோளாறாக இருந்தால் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்து அது திசை மாற்றிக்கொள்ளாது. இந்த வெளியோட்டத்தை உலகம் இன்றும் ‘எவர்ஷெட் விளைவு’ என்றே சொல்கிறது.

அவர் காலத்துக் கருவியால் புறநிழலின் இழைகளைத் தனித்தனியே அளக்க முடியவில்லை. இன்றைய தொலைநோக்கிகள் சில நூறு கிலோமீட்டர் அகலமே உள்ள இழைகளைப் பிரித்துக் காட்டுகின்றன. காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் இழைகளில்தான் வாயு வேகமாக ஓடுகிறது. உள்ளிருந்து பொங்கும் வெப்ப வாயுவை அந்தச் சாய்ந்த காந்தப்புலம் வெளிப்பக்கமாகத் திருப்பி விடுகிறது. எவர்ஷெட் கண்டது இந்த இழைகள் எல்லாம் கலந்த சராசரியை.

இன்னொரு நுட்பமும் உண்டு. எல்லாக் கோடுகளும் சூரியனின் ஒரே உயரத்திலிருந்து வருவதில்லை. மெலிந்த இரும்புக் கோடுகள் ஒளிக்கோளத்தின் ஆழத்தைக் காட்டுகின்றன. கால்சியம், ஹைட்ரஜன் ஆகியவற்றின் தடித்த கோடுகள் அதற்கு மேலே உள்ள நிறக்கோளத்தைக் காட்டுகின்றன. மவுண்ட் வில்சனில் சார்லஸ் செயின்ட் ஜான் 1913இல் பல தனிமங்களின் கோடுகளை வரிசைப்படுத்திப் பார்த்தார். உயரம் கூடக் கூட வெளியோட்டம் தளர்கிறது. நிறக்கோளத்தை எட்டும்போது திசையே மாறி, வாயு புள்ளியை நோக்கி உள்ளே வருகிறது. ஒரே புள்ளியின் ஒரே ஓரத்தில், இரும்பின் மெல்லிய கோடு சிவப்புப் பக்கம் ஒதுங்கியிருக்கும்போது, கால்சியத்தின் தடித்த கோடு ஊதாப் பக்கம் ஒதுங்கியிருக்கும்.