கம்பின் நடுக்கம்

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் வாவிக் காற்று வீசும் மாலைவேளையில், உயரம் பாயும் மாணவனொருவன் பாதங்களால் தூரம் அளந்து, குதிகாலால் நிலத்தில் ஒரு கீறலிட்டு, கம்பை நோக்கிச் சற்றே நிற்பானே, அந்த நிற்றலே இவ்வித்தையின் சௌந்தரியத்திற் பாதி என்பது என் அபிப்பிராயம். நிதானமாய்த் தொடங்கும் காலடியோசை கடைசி மூன்று எட்டுகளில் துரிதமாவதும், ஊன்றிய கால் நிலத்தை அறைவதும், தேகம் உரசிய கம்பு தாங்கிகளின்மேல் துள்ளி, விழுவதா வேண்டாமா என்று தயங்கிப் பின் அடங்குவதும் காணத் திகட்டாதவை. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் தாண்டி இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் ஈட்டினார்; நுரைமெத்தை வாராத காலம் அது, விழுவதற்கும் அப்பியாசம் வேண்டியிருந்தது! அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டியில் எல்லோரும் நூறு மீற்றர் முடிவுக்கோட்டருகே கூடும்போது, நீங்கள் கம்பருகே போய் உட்காருங்கள்.