எழுபதுக்குள் ஒரு வகுப்பு

எத்தனையோ செயலிகள், காணொளிகள் வந்துவிட்டன. ஆனாலும் வட்டக்கச்சிப் பிள்ளைகளைப் படிப்பில் இழுத்துப் பிடிக்க என் கைக்குக் கிடைத்ததில் ஆகச் சிறந்தது சாதாரண எஸ்எம்எஸ்தான். அடித்துச் சொல்வேன்!

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டதும் ஸூம், வாட்ஸ்அப் என்று நாடே ஓடியது. எங்கள் பக்கம் பல வீடுகளில் இருந்ததோ ஒரேயொரு பட்டன் போன். அதுவும் விடியவே அப்பாவின் சட்டைப் பையோடு வயலுக்குப் போய்விடும். ஸூம் வகுப்பு அவர் வரும்வரை நிற்காது; மெசேஜ் நிற்கும். பொழுதுபட அப்பா படலையைத் திறந்ததும் பிள்ளை போனைப் பறித்துக் கேள்வியைப் பார்க்கும். டேட்டாவே வேண்டாம்.

"இரணைமடுவுக்கு நீர் தரும் ஆறு எது?" என்று ஒருநாள் அனுப்பினேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையிடமிருந்துதான் முதல் பதில்: "கனகராயன் ஆறு ரீச்சர். அப்ப வவுனியாவில மழை பெஞ்சா எங்கட குளம் நிரம்புமா?" எனக்குப் புல்லரித்துவிட்டது! நாலு பேர் முன்னால் கையுயர்த்தக் கூசுகிற பிள்ளை, ஆறுதலாக யோசித்து, எழுதி, அழித்து, திரும்ப எழுதிக் கேட்ட கேள்வி அது. வகுப்பறையில் அது என் காதுக்கு வந்தே இராது.

தமிழில் ஒரு மெசேஜுக்கு 70 இடம்தான், ஆங்கிலத்துக்கு 160. குற்று, விசிறி எல்லாவற்றையும் போன் தனித்தனியாக எண்ணும். 'வட்டக்கச்சி' என்ற பெயருக்கே 11 போய்விடும். எனக்கு இதுவும் நல்லதாகவே போயிற்று: சுருக்கச் சுருக்கக் கேள்வி கூர்மையாகிறது.

அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. அதே 2020இல் போட்ஸ்வானாவில் சுமார் 4,500 குடும்பங்களில் ஓர் ஆய்வு நடந்தது. மெசேஜோடு வாராவாரம் கூப்பிட்டும் பேசிய பிள்ளைகள்தான் கணக்கில் முன்னேறினார்கள். மெசேஜ் மட்டும் போன வீடுகளில் சொல்லும்படி மாற்றமில்லை. அதனால் நானும் பின்னேரங்களில் கூப்பிட்டு, "எப்பிடியம்மா கண்டுபிடிச்சனி?" என்று கேட்பேன். பிள்ளை விளக்கத் தொடங்கினால் நிறுத்தவே மனம் வராது!

அடுத்த தவணை கேத்திரகணிதம். படம் அனுப்ப முடியாதே என்கிறார்கள். எதற்குப் படம்? "இரு பக்கம் சமன், உச்சிக்கோணம் 40°. மற்றவை?" இவ்வளவும் போதும், முக்கோணியைப் பிள்ளையே கொப்பியில் கீறிக்கொள்ளும்.